கேம்பர் வேனுக்கு நாமே ஆயில் மாற்றுவது எப்படி: சென்னைவாசிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் கேரவன் என்றால் ஷூட்டிங் வண்டி. பழைய டெம்போ டிராவலர் ஒன்றில் கட்டில், சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்தி, கேம்பர் வேனாக மாற்றி, மேடவாக்கத்தில் எங்கள் தெருமுனைக் காலி மனையில் நிறுத்திய முதல் நாளே, "எந்த நடிகர் சார் வந்திருக்கார்?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இப்போது அந்த வண்டிக்கு அடியிலிருந்து என் இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து எல்லோருக்கும் பழகிவிட்டது.

காசு மிச்சம் பிடிக்க இதை ஆரம்பிக்கவில்லை. இரண்டு வருடம் ஒர்க்‌ஷாப்பில்தான் ஆயில் மாற்றினேன். மூன்றாவது முறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேடிக்கைக்காக நானே பாய் விரித்து அடியில் படுத்தேன். சமையல் தொட்டியிலிருந்து வரும் கழிவுநீர்க் குழாய் கிளாம்ப் விட்டுத் தொங்கி, பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் பைப்பில் உரசிக்கொண்டிருந்தது. பெயிண்ட் போய் உலோகம் பளபளத்தது. இரண்டு வருடத்தில் அதை யாரும் சொல்லவில்லை. அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. வீடாக மாற்றிய வண்டியின் அடிப்பகுதி எந்த மெக்கானிக்கின் மனப்பாடத்திலும் இல்லை. அது எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்தவர் அதைக் கட்டியவர்தான். அதனால் எனக்கு ஆயில் மாற்றுவது ஒரு சாக்கு. வருடத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் வண்டிக்கு அடியில் படுத்திருப்பதுதான் உண்மையான வேலை.

எப்போது மாற்றுவது

கிலோமீட்டர் கணக்கு மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். வாடகைக்கு ஓடும் டிராவலர் ஒரு மாதத்தில் ஓடும் தூரத்தை நம் வண்டி ஒரு வருடத்தில் ஓடினாலே பெரிது. ஆனால் சும்மா நிற்கும் வண்டியின் ஆயிலும் கெடும். டீசல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அதில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலக்கிறது. நெடுந்தூரம் ஓடினால் சூட்டில் ஆவியாகி வெளியே போய்விடும். ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்துவிட்டு ஆஃப் செய்தால் அங்கேயே தங்கும். எரிந்த டீசலின் அமிலங்களோடு அது சேர்ந்தால் பேரிங்குகளுக்கு நல்லதல்ல. "வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி வைங்க சார்" என்பது நம்மூரில் எல்லோரும் சொல்லும் அறிவுரை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கோவளம் வரையாவது ஓட்டிவிட்டு வாருங்கள்.

ஆக, உரிமையாளர் கையேட்டில் சொன்ன கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது. நான் செப்டம்பர் கடைசியில் மாற்றுவேன். கத்திரி வெயில் போயிருக்கும், வடகிழக்குப் பருவமழை இன்னும் வந்திருக்காது, மண் தரையில் படுக்கலாம்.

பிஎஸ்-6 (புது மாசுக் கட்டுப்பாட்டு விதி) வண்டிக்காரர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் வண்டிகளில் பெரும்பாலும் டிபிஎஃப் என்ற புகைக்கரி வடிகட்டி இருக்கும். அதில் சேர்ந்த கரியை எரிக்க, பல இன்ஜின்கள் கூடுதலாக டீசல் தெளிக்கும். ஏசிக்காக மணிக்கணக்கில் இன்ஜினை ஐடிலில் விடுகிறவர்கள், கரி எரியும் நடுவிலேயே அடிக்கடி ஆஃப் செய்கிறவர்கள் வண்டியில் அந்த டீசல் கொஞ்சம் ஆயிலில் இறங்கும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் அளவு ஏறிக்கொண்டே போவது தெரியும். ஆயில் குறையவில்லை என்று சந்தோஷப்படாதீர்கள். மேல்கோட்டைத் தாண்டி, டீசல் வாடையும் அடித்தால், கிலோமீட்டர் பார்க்காமல் மாற்ற வேண்டியதுதான்.

என்ன ஆயில், எங்கே வாங்குவது

பெரிய டப்பாக்களில் 15டபிள்யூ-40 என்று போட்டிருக்கும். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. 15டபிள்யூ ஆயில் எவ்வளவு இலகுவாக இன்ஜினைச் சுற்ற விடுகிறது என்பதை மைனஸ் 20 டிகிரியில் சோதிக்கிறார்கள். சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி. ஊட்டியில் உறைபனி கொட்டும் விடியலில்கூட 15டபிள்யூ திணறாது. பின்னால் வரும் 40, ஆயில் 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதைச் சொல்கிறது. 2003 மே 31 அன்று 45 டிகிரி அடித்த ஊரில், ஒன்றரை டன் வீட்டுச் சாமானோடு மலை ஏறும் இன்ஜினுக்கு அந்த 40தான் முக்கியம். குளிர் நாட்டுக்காரர் வீடியோவைப் பார்த்துவிட்டு மெல்லிய ஆயிலுக்கு ஓட வேண்டாம்.

ஆனால் கையேடு வேறு தரம் சொன்னால் கையேடுதான். கூடவே டப்பாவில் போட்டிருக்கும் ஏபிஐ (அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட்) தர வகையையும் பாருங்கள். பழைய டீசல்களுக்கு சிஐ-4 போதும். டிபிஎஃப் உள்ள வண்டிக்கு சாம்பல் குறைவாகத் தரும் சிகே-4 போன்ற ஆயில் வேண்டும், இல்லாவிட்டால் வடிகட்டி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். எத்தனை லிட்டர் என்பதும் கையேட்டில் இருக்கும். இரண்டரை லிட்டர் கொள்ளளவு டீசல் இன்ஜின்கள் பொதுவாக 6 முதல் 8 லிட்டர் வரை கேட்கும்.

ஆயிலை நான் பெட்ரோல் பங்க்கில் வாங்குகிறேன். இந்தியன் ஆயில் பங்க்கில் சர்வோ, பாரத் பெட்ரோலியத்தில் மேக். சீல் உடையாமல் கிடைக்கும், பில்லும் கிடைக்கும். ஃபில்டருக்கும் வாஷருக்கும் மவுண்ட் ரோட்டிலிருந்து பிரியும் ஜி.பி. ரோடு. ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் வரிசையாக இருக்கும். கவுண்டரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "பழச கொண்டாந்தீங்களா சார்?" என்பதுதான். ஒரே மாடல் வண்டிக்கு வருடத்துக்கு வருடம் ஃபில்டர் மாறலாம். பழைய ஃபில்டர் இல்லாவிட்டால் அதன் மேலிருக்கும் எண்ணையாவது போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். பழைய ஆயிலை இறக்கத் திறக்கும் டிரெயின் போல்ட்டுக்கு ஒரு புது காப்பர் வாஷர், முடிந்தால் ஒரு புது போல்ட்டும் வாங்கிவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மற்றபடி: போல்ட் அளவுக்குச் சரியான ரிங் ஸ்பேனர், பெல்ட் வகை ஃபில்டர் ஓப்பனர், 10 லிட்டராவது பிடிக்கும் அகலமான தட்டு, புனல், நைட்ரைல் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, ஒரு கிலோ பனியன் வேஸ்ட், ஒரு மூட்டை மரத்தூள். ஓப்பன் ஸ்பேனரை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். போல்ட்டின் முனை மழுங்குவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது.

வண்டியை நிறுத்துவது

டிராவலர் உயரத்துக்கு ஜாக்கி தேவையில்லை. ஒல்லியாக இல்லாதவரும் அடியில் நுழையலாம். உயரம் போதவில்லை என்று ஜாக்கி வைத்து மட்டும் வண்டியைத் தூக்கி அடியில் போகாதீர்கள். சென்னை காலி மனைகளின் மண்ணில் ஜாக்கி புதையும். வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு வேண்டும், அதன் கீழே பலகை வேண்டும், இரண்டும் இல்லாவிட்டால் வேலையே வேண்டாம்.

வண்டி மட்டமாக நிற்பது முக்கியம். சாய்ந்து நின்றால் பழைய ஆயில் ஒரு மூலையில் தங்கிவிடும், டிப்ஸ்டிக்கும் பொய் சொல்லும். நம் வண்டிக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். ஒரு பக்கம் 100 லிட்டர் தொட்டி நிறைந்திருந்தால் அந்தப் பக்கம் 100 கிலோ கூடுதல். தொட்டியைக் காலி செய்துவிட்டு, சமையல் மேடையில் ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர் வைத்துப் பாருங்கள். தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தைப் பலகையில் ஏற்றி மட்டம் பிடிக்கலாம்.

அப்புறம் வீட்டு வேலைகள். கேஸ் சிலிண்டர் வால்வை மூடுங்கள். இன்வெர்ட்டரை அணையுங்கள். நாய், பிள்ளைகள், உள்ளே தூங்கும் மாமனார் எல்லோரும் இறங்கிவிடட்டும். மேலே ஆள் நடந்தால் அடியில் படுத்திருப்பவருக்கு வண்டி ஆடும். பக்கத்து டீக்கடை வரை ஓட்டிவிட்டு வந்தால் ஆயில் வெதுவெதுப்பாகி நன்றாக ஓடும். மதுரை வரை போய்விட்டு வந்த கையோடு திறக்காதீர்கள், கை வெந்துவிடும். ஹேண்ட்பிரேக், கியரில் வண்டி, முன்னும் பின்னும் சக்கரத்துக்குக் கட்டை. சாவி உங்கள் பாக்கெட்டில்.

பழசை இறக்குவது

மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்துவிட்டு அடியில் போங்கள். இன்ஜினின் அடியில் தொங்கும் ஆயில் தொட்டியை மெக்கானிக்குகள் சேம்பர் என்பார்கள். அதன் தாழ்ந்த இடத்தில் இருக்கும் பெரிய போல்ட்தான் டிரெயின் போல்ட். கியர்பாக்ஸிலும் அதே மாதிரி ஒன்று இருக்கும். அவசரத்தில் கியர் ஆயிலை இறக்கிவிட்டு, இன்ஜினில் பழசின் மேலேயே புதுசை ஊற்றியவர்கள் உண்டு. முன்பக்கம் இன்ஜின், அதற்குப் பின்னால் கியர்பாக்ஸ் என்று விரலால் தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஸ்பேனரை முழுக்க மாட்டி, போல்ட் தலையை நேராகப் பார்த்தபடி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். இளகிய பிறகு கையால் சுற்றலாம். கடைசி இரண்டு சுற்றில் போல்ட்டை உள்பக்கம் அழுத்திப் பிடித்தபடி சுற்றி, சட்டென்று விலக்குங்கள். ஆயில் முதலில் வளைந்து பாயும், ஓட்டம் குறையக் குறைய நேராக விழும்; தட்டையும் அதற்கேற்ப நகர்த்த வேண்டும். பதினொரு மணிக்கு மேல் கடற்காற்று எழும்பினால் கடைசியில் நூலாக விழும் ஆயில் தட்டுக்குள் விழாது, உங்கள் சட்டையில் விழும். அதனால் காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடுங்கள்.

போல்ட் இளகவே மாட்டேன் என்றால்? எனக்கு நடந்தது. கடைசியாக மாட்டியவர் ஏர் கன்னில் முறுக்கிவிட்டிருந்தார். கழற்றியபோது போல்ட்டின் மரை பாதி சிதைந்திருந்தது. அன்றைக்குப் புது போல்ட் கையில் இருந்ததால் தப்பித்தேன். சேம்பரின் உள்மரையே போயிருந்தால் (சேம்பர் அலுமினியம் என்றால் அது சகஜம்) புது மரை வெட்டி ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரையைப் போட வேண்டும், அது வீட்டில் நடக்காது. சந்தேகம் இருந்தால் வண்டியை நகர்த்தாமல் மெக்கானிக்கை இடத்துக்கு வரவழையுங்கள்.

இருபது நிமிடம் வடியட்டும். அதற்குள் ஆயிலைப் படியுங்கள். டீசல் ஆயில் கறுப்பாக இருப்பது இயல்பு. மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும், பயப்பட வேண்டாம். பால் டீ மாதிரி இருந்தால் தண்ணீரோ கூலண்டோ கலந்திருக்கிறது. வெயிலில் காட்டும்போது வெள்ளித் தூள் மினுங்கினால் உள்ளே ஏதோ தேய்கிறது. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் மட்டும் கொஞ்சம் பழுப்பு நுரை இருந்தால், அது பெரும்பாலும் நீராவி வேலை.

ஃபில்டர்

உங்கள் வண்டியில் இருப்பது முழு டப்பாவாகத் திருகும் வகையா, மூடிக்குள் காகித எலிமெண்ட் இருக்கும் வகையா என்று பாருங்கள். டப்பா வகை என்றால் பெல்ட் ஓப்பனரால் இளக்கிவிட்டு, பாலித்தீன் பையை மாட்டி, பைக்குள்ளேயே கழற்றுங்கள். முழங்கை வரை ஆயில் வழியாது.

இனி சொல்வதுதான் இந்த வேலையில் பலர் கோட்டை விடும் இடம். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் அதோடு வந்திருக்கிறதா என்று பாருங்கள். சில நேரம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொள்ளும். கவனிக்காமல் புதுசைத் திருகினால் இரண்டு வளையம் சேர்ந்துவிடும். ஐடிலில் நின்றபோது ஒழுகாது; ரேஸ் கொடுத்ததும் பிதுங்கி, சில நிமிடத்தில் மொத்த ஆயிலும் ரோட்டில் கிடக்கும். அந்த வட்டத்தை விரலால் தடவிப் பாருங்கள், சுத்தமாகத் துடையுங்கள்.

புது ஃபில்டரின் வளையத்தில் புது ஆயிலைத் தடவுங்கள். ஃபில்டரின் வாய் மேல்நோக்கி நேராக நிற்கும் வண்டியில் முக்கால் அளவு ஆயில் ஊற்றியே மாட்டலாம். முதல் ஸ்டார்ட்டில் இன்ஜின் காய்ந்து ஓடும் நேரம் குறையும். வளையம் உட்கார்ந்ததும் கையால் இன்னும் முக்கால் சுற்று. அவ்வளவுதான், ஓப்பனரால் முறுக்க வேண்டாம். காகித வகை என்றால் மூடியின் ஓ-ரிங்கை மறக்காமல் மாற்றுங்கள். எலிமெண்டோடு பெட்டிக்குள்ளேயே கொடுத்திருப்பார்கள், அதைப் பலர் பெட்டியோடு தூக்கிப் போடுகிறார்கள்.

ஊற்றுவது

புது வாஷரோடு டிரெயின் போல்ட்டை முதலில் விரலால் மட்டும் ஏற்றுங்கள். நாலைந்து சுற்று விரலுக்கே வழுக்கிக்கொண்டு போக வேண்டும். முரண்டு பிடித்தால் மரை குறுக்காக ஏறுகிறது, கழற்றி மறுபடி வையுங்கள். பிறகு கையேட்டில் சொன்ன இறுக்க அளவுக்கு, அந்த அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். அது இல்லாவிட்டால் சின்ன ஸ்பேனரில் மணிக்கட்டு பலம் போதும், தோள் பலம் வேண்டாம்.

சொன்ன அளவில் ஒரு லிட்டர் குறைவாக ஊற்றுங்கள். ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள், ஆக்சிலரேட்டரைத் தொட வேண்டாம். டேஷ்போர்டில் ஆயில் விளக்கு சில நொடியில் அணையும். பத்து நொடியாகியும் அணையவில்லை என்றால் ஆஃப் செய்துவிட்டுக் காரணம் தேடுங்கள். மூன்று நிமிடம் ஓட்டி, டார்ச்சை அடித்து ஃபில்டரையும் போல்ட்டையும் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக். மேல்கோட்டுக்கு ஒரு நூல் கீழே நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கோட்டைத் தாண்டக் கூடாது. உள்ளே சுழலும் கிராங்க் ஷாஃப்ட் அடித்து நுரையாக்கிவிட்டால் ஆயில் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அடியில் இருக்கும்போதே

எழுந்துவிடாதீர்கள், படுத்தபடியே பின்னால் நகருங்கள். பிரேக் பைப், ஹோஸ்கள், நாம் சேர்த்த ஒயர்கள், கழிவுநீர்த் தொட்டியின் பட்டி, கேஸ் குழாய் தரையைத் துளைக்கும் இடத்தில் ரப்பர் வளையம். சைலன்சருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் எதுவும் நெருங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நம்மூர் உப்புக்காற்று இரும்பை விட்டுவைக்காது; தொட்டியைத் தாங்கும் ஸ்டாண்டின் போல்ட்டுகளைச் சுத்தியலால் தட்டினால் கணீர் என்று சத்தம் வர வேண்டும், பொத்தென்று வந்தால் உள்ளே துரு. இந்த ஒரு பத்தியின் வேலைக்கு ஆயில் வேலையை விட அதிக நேரம் ஆகும், ஆகட்டும்.

கறுப்பு ஆயிலை என்ன செய்வது

பழைய ஆயிலைப் புது ஆயில் டப்பாவிலேயே ஊற்றி வையுங்கள். எத்தனை லிட்டர் இறங்கியது என்று அளந்தும் விடலாம். ஊற்றியது 7, இறங்கியது 6 என்றால் இன்ஜின் வருடத்துக்கு ஒரு லிட்டர் குடிக்கிறது என்று தெரிந்துவிடும். ஃபில்டரை ஒரு இரவு கவிழ்த்து வைத்தால் அதிலும் நிறைய வடியும்.

எங்கள் பக்கம் மழைநீர்க் கால்வாய்கள் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குத்தான் போகின்றன. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி பெற்ற இடம். கால்வாயில் ஒரு டப்பா கறுப்பு ஆயிலை ஊற்றிவிட்டு டிசம்பரில் பறவை பார்க்கப் போகும் முகம் எனக்கு இல்லை. சட்டப்படியும் இது அபாயக் கழிவு; 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் சேர வேண்டும். ஒன்றிரண்டு டப்பாவுக்கு அவர்கள் வீடு தேடி வர மாட்டார்கள். பழைய ஆயிலை முறையாகச் சேர்த்துக் கொடுக்கும் பெரிய சர்வீஸ் சென்டர் எது என்று விசாரித்து, அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். தெருவில் வந்து காசு கொடுத்து வாங்குபவரிடம் கொடுத்தால் அது எங்கே எரியும் என்று தெரியாது. காலி டப்பாவைக் காயலான் கடையில் போடுமுன் ஆணியால் நாலு ஓட்டை போடுங்கள். இல்லாவிட்டால் போலி ஆயிலோடு திரும்பி யாருக்காவது போகும். தரையில் சிந்தியதில் மரத்தூளைக் கொட்டித் தேய்த்து அள்ளிவிடுங்கள். அபார்ட்மெண்ட் பார்க்கிங் என்றால் இதைச் செய்யாமல் அசோசியேஷன் கூட்டத்துக்குப் போக முடியாது.

மிச்சமிருக்கும் ஃபில்டர்களும் ஜெனரேட்டரும்

ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள், தூசி அடைத்திருந்தால் மாற்றுங்கள். டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருந்தால், மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை திறந்துவிடுங்கள். காமன் ரயில் (ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும்) இன்ஜினில் இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களை மட்டும் இளக்க வேண்டாம். ஓடும்போது அதிலுள்ள அழுத்தம் 1,000 பாருக்கு மேல் போகும். டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

எல்லோரும் மறப்பது ஜெனரேட்டரை. சின்ன போர்ட்டபிள் ஜெனரேட்டர்களில் பெரும்பாலும் ஆயில் ஃபில்டரே கிடையாது, இருப்பது அரை லிட்டர் சொச்சம் ஆயில். பலவற்றில் முதல் 20 மணி நேரத்தில் ஒருமுறை, பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். ஓடிய மணி நேரத்தை அதன் மேலேயே மார்க்கரால் எழுதி வாருங்கள்.

2023 மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் நின்ற தண்ணீர் மாதிரி சக்கர அச்சுக்கு மேல் ஏறி நின்றால், இன்ஜின் ஆயில் மட்டும் பார்த்தால் போதாது. கியர்பாக்ஸ், பின் அச்சிலுள்ள டிஃபரென்ஷியல் இரண்டுக்கும் மூச்சுத் துளை உண்டு, அது வழியே தண்ணீர் போகும். ஸ்டார்ட் செய்யாமல் முதலில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். பால் டீ நிறம் தெரிந்தால் சாவியைத் தொடாமல் டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு துண்டு மாஸ்க்கிங் டேப்பில் எழுதி டிரைவர் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். தாம்பரம் வரை ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு வந்து, இரவு இன்ஜினுக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து வையுங்கள். மறுநாள் காலை அட்டை காய்ந்திருந்தால் தொட்டியில் தண்ணீர் பிடிக்கலாம்.